சித்திரையில் குளிருக்குத் தைப்பது

ஊரில் அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து மெல்லிய காட்டன் தேடுகிற நாட்களில், ஜோஹன்னஸ்பர்க்கில் நாங்கள் முழுக்கை சட்டை தேட ஆரம்பித்திருப்போம். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் இங்கே இலையுதிர் காலம். மழை ஓய்ந்துவிடும். ஊருக்கு வெளியே ரோட்டோரம் காஸ்மாஸ் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஏப்ரலில் காலை 10 டிகிரி, மதியம் 21, 22 என்று ஒரே நாளில் இரண்டு பருவம் வந்து போகும். வெளியே வெயிலில் நின்றால் சுகம். வீட்டுக்குள் வந்தால் கை சில்லிட்டுப் போகும், ஏனென்றால் வீட்டை மொத்தமாகச் சூடாக்கும் ஏற்பாடு இங்கே பெரும்பாலும் கிடையாது.

அதனால் கனமான ஒரே உடுப்பு இந்தப் பருவத்துக்கு உதவாது. ஒன்றின் மேல் ஒன்று போட்டு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நான் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கு அளவோடு வரைந்த தாள், வாங்குவது முழுக்க இதை வைத்துத்தான். அட்டைப் படத்தில் நிற்கிற பெண் எவ்வளவு அழகாக நின்றாலும் சரி, இது எதன் மேல் போகும், இதன் மேல் எது போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பேப்பர் பேட்டர்ன் நமக்குப் பழக்கமில்லாத பொருள். நம் ஊர் டெய்லர் உடம்பில் அளவு எடுப்பார், துணியை மடிப்பார், மார்பளவில் நாலில் ஒன்று, கூட ஒன்றோ ஒன்றரையோ இன்ச் என்று சாக்பீஸால் நேரே துணியிலேயே கோடு போட்டு வெட்டிவிடுவார். ஈரோட்டில் நான் தையல் கற்றதும் அப்படித்தான். புடவை ப்ளவுஸுக்கும் சுடிதாருக்கும் அந்தக் கணக்கு போதும். இன்றும் எனக்குச் சுடிதார் பேண்ட் தைக்க எந்த பேட்டர்னும் வேண்டாம். ஆனால் நின்ற காலர் வைத்த சட்டை, லைனிங் போட்ட ஜாக்கெட், இரண்டு துண்டாக வெட்டுகிற கை இதெல்லாம் வேறு ரகம். (ஜாக்கெட் என்று இங்கே நான் சொல்வது சட்டைக்கு மேல் போடுவதை. புடவைக்குப் போடுவதை ப்ளவுஸ் என்றே சொல்லிவிடுகிறேன், குழப்பம் வேண்டாம்.) அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் அளவு வாரியாகப் பேப்பர் பேட்டர்ன் விற்க ஆரம்பித்தார். அவர் பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேட்டர்ன் வந்திருக்கிறது. மற்றவர் போட்டு வைத்த கணக்கைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்தக் கணக்கு யாருடைய உடம்புக்கு, எந்த ஊர்க் குளிருக்குப் போட்டது என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். பேட்டர்ன் கம்பெனிகள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தில் இருக்கின்றன. அவர்களுடைய இலையுதிர் காலத் தொகுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அப்போது நமக்கு வசந்தம், ஜகரண்டா பூக்கப் போகிற நேரம். சரி, அதை வாங்கி ஆறு மாதம் வைத்திருந்து தைக்கலாமே என்றால், அதிலும் சிக்கல். அவர்களுடைய இலையுதிர் காலம் ஈரமும் மேகமுமாக இருட்டிக்கொண்டு போகிறது. தொகுப்பில் பாதி கனத்த கம்பளி கோட்டுகள். நம்முடையது காய்ந்த காற்றும் பளிச்சென்ற வெயிலும். தேடிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: ஹைவெல்டின், அதாவது எங்கள் ஊர் இருக்கிற இந்த மேட்டு நிலத்தின், இலையுதிர் காலத்துக்கு ஏற்ற பேட்டர்ன் அவர்களுடைய வசந்த காலத் தொகுப்பில்தான் இருக்கிறது. மெல்லிய லைனிங் போட்ட குட்டை ஜாக்கெட், முழங்கால் தாண்டும் சட்டை டிரெஸ், பெல்ட் கட்டுகிற ட்ரெஞ்ச் கோட்டு எல்லாம் அதில் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வெளியாவதால் நமக்குச் சரியான சமயத்திலும் வந்து சேரும். முக்கால் கையை முழுக்கையாக நீட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை.

டர்பனில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. கடலோரத்தில் ஏப்ரல் மதியம் 26 டிகிரி வரை போகும், இரவும் 17-க்கு அருகில்தான். ஒரு கார்டிகன் இருந்தால் அவர்கள் பருவம் முடிந்தது.

ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் நிறைய வாழும் லெனேஷியாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி டர்பன்காரர். இளம் வயதில் அங்கே துணி ஃபேக்டரியில் மிஷினில் உட்கார்ந்தவர். அந்தக் காலத்தில் டர்பன் ஃபேக்டரிகளில் நம் பெண்கள் ஏராளம். வருஷக்கணக்கில் ஒருத்தி காலர் மட்டும், இன்னொருத்தி பாக்கெட் மட்டும் என்று வேலை. நான் எந்த பேட்டர்னைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஆன்ட்டி புகைப்படத்தைப் பார்ப்பதே இல்லை. உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் வெறும் கோடுகளால் வரைந்த சித்திரத்தில் தையல் எங்கெங்கே ஓடுகிறது என்று விரலால் தடவுவார். அப்புறம் கேட்பது ஒன்றே: "எத்தனை பீஸ் மா?"

அந்தக் கேள்வியை நானும் பிடித்துக்கொண்டேன். புகைப்படத்தில் கையைக் கட்டி நிற்பதும், தலைமுடி விழுவதும், அச்சுத் துணியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கோடுகளால் வரைந்த சித்திரத்தில் ஒன்றும் ஒளிய முடியாது. டார்ட் (உடம்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கிற மடிப்பு) இருக்கிறதா, இல்லை சாக்குப்பை மாதிரி நேரே இறங்குகிறதா, தோள் தையல் தோளிலேயே நிற்கிறதா, கீழே சரிந்து விழுகிறதா எல்லாம் அதில் தெரியும். பீஸ் எண்ணிக்கை வேலையின் அளவைச் சொல்லிவிடும். ஆறேழு பீஸ் என்றால் ஒரு வார இறுதி. இருபதைத் தாண்டினால் பருவம் முடிந்த பிறகுதான் போட்டுக்கொள்ள முடியும். வேலைக்குப் போய் வந்து தைக்கிறவள் இதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது.

இனி அடுக்கிப் போடும் கணக்கு. உறையிலோ உள்ளே இருக்கும் பேப்பரிலோ 'தைத்து முடித்த அளவு' என்று மார்பும் இடுப்பும் கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து உங்கள் உடம்பளவைக் கழித்தால் வருவது தளர்வு. சட்டையோ டிரெஸ்ஸோ உடம்போடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் மார்பில் 3, 4 இன்ச் தளர்வு வைப்பார்கள். கொஞ்சம் விலகி நிற்கிற ஜாக்கெட்டுக்குச் சுமார் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால். அதே வகைக் கோட்டுக்கு 7, 8 இன்ச். ஜாக்கெட் வாங்கும்போது உடம்பளவோடு ஒப்பிட்டு நிறுத்திவிடக் கூடாது, உள்ளே போடப்போகிற சட்டையின் தைத்து முடித்த அளவோடு ஒப்பிட வேண்டும். சட்டை 40 இன்ச் என்றால் ஜாக்கெட் 42-க்குக் குறைந்தால் வேண்டாம். லைனிங் போட்டால் நான் 43 பார்ப்பேன்.

மார்பை விடத் தொல்லை தருவது கை. புஜத்தில் சுற்றளவு பிடித்தால் உள்ளே சட்டைக் கை சுருண்டு முழங்கைக்கு ஏறிவிடும், நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அளவைப் பல உறைகளில் அச்சிடுவதில்லை. பேட்டர்னைப் பிரித்ததும் கை பீஸில் அக்குள் கோட்டுக்கு நேராக டேப் வைத்து அளந்து, தையலுக்கு விட்டதைக் கழித்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை விட ஜாக்கெட் கை ஒன்றரை முதல் 2 இன்ச் பெரிதாக இருந்தால் நிம்மதி. இதிலிருந்து ஒரு விதி தானாக வருகிறது: உள்ளே போடுவது ஒல்லிக் கை, தோளில் சரியாக உட்காருகிற கை; வெளியே போடுவது ராக்லான் கையோ (கழுத்திலிருந்தே சாய்வாகத் தையல் இறங்குகிற கை), தோள் சரிந்த கையோ. வௌவால் கை வைத்த சட்டை படத்தில் பிரமாதமாகத்தான் இருக்கும். அதன் மேல் எதையும் போட முடியாது. இலையுதிர் காலத்துக்கு என்று விற்கிற சட்டை பேட்டர்ன்களில் அதுவும் பலூன் கையும் எப்போதும் இருக்கின்றன, ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கைத் தொல்லையே வேண்டாமென்றால் கையில்லாத நீள வெஸ்ட். தொடை வரை தொங்குகிற, முன்னால் திறந்த வெஸ்ட் ஒன்று தைத்துப் பாருங்கள். நடு உடம்பு கதகதப்பாக இருக்கும், கைக்குக் கை உரசாது. பீஸும் குறைவு. குர்தாவின் மேலும் அது பொருந்தும். தையலில் கொஞ்சம் பழகியவர்கள் முதலில் எடுக்க வேண்டியது ஜாக்கெட் அல்ல, இதுதான் என்பது என் கட்சி.

புடவைக்கு மேல் போடுவது தனிக் கதை. பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் தீமிதி நடக்கும். இங்கிருந்து இருட்டோடு கிளம்ப வேண்டும், திரும்பும்போதும் இருட்டிவிடும். சித்திரைப் பிறப்பும் இதே குளிரில்தான் வருகிறது. புடவைக்கான ஜாக்கெட்டில் நான் பார்ப்பது மூன்று. காலர் கூடாது, தோளில் முந்தானையைக் குத்திய பின்னோடு மல்லுக்கு நிற்கும். இடுப்பில் டார்ட் போட்டு இறுக்கியது கூடாது, கொசுவத்தின் மேல் தூக்கிக்கொள்ளும். நீளம் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். காலரில்லாமல் பெட்டி போல நேராக வெட்டிய குட்டை ஜாக்கெட் பேட்டர்ன்கள் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, உள்ளே முந்தானை மடிப்பு அடங்குவதற்காக ஒரு அளவு பெரிதாக வெட்டுவேன். லைனிங்குக்குப் பாலியெஸ்டர் வேண்டாம். மழை நின்றபின் இங்கே காற்று அவ்வளவு வறண்டது. பாலியெஸ்டர் பட்டுப் புடவையோடு உரசி, படபடவென்று பொறி தட்டி, ஒட்டிக்கொள்ளும். விஸ்கோஸ் லைனிங் வழுக்கவும் செய்யும், இந்தத் தொல்லையும் மிகக் குறைவு.

இப்போது உடம்பளவு. கடையில் வாங்குகிற சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் மாதிரியான அமெரிக்க பேட்டர்னில் 14 என்பது மார்பு 36, இடை 28, இடுப்பு 38 இன்ச். கடையில் 10 அல்லது 12 போடுகிறவர் இதில் 14, 16 ஆகிவிடுவார். எண்ணைப் பார்த்து மனம் கசந்து சின்னதாக எடுத்தவர்களை எனக்குத் தெரியும், துணிதான் பாழ். மார்பு விஷயத்தில் இன்னொரு அளவும் எடுக்க வேண்டும். டேப்பை மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டிச் சுற்றி எடுப்பது மேல்மார்பு. அதற்கும் முழு மார்புக்கும் 2 இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேல்மார்பை மார்பளவாக வைத்து சைஸ் எடுத்து, முன்பக்கத்தில் மட்டும் இடம் கூட்டிக்கொள்ளுங்கள். முழு மார்பை வைத்து எடுத்தால் தோளும் கழுத்தும் அகன்று தொங்கும். நம் பெண்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

அப்புறம் உயரம். இந்த பேட்டர்ன்கள் 165, 168 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டவை. நான் 154. நீளத்தைக் கீழே மடித்து அடித்தால் சரியாகிவிடாது; இடை என் இடுப்பில் போய் உட்காரும், பாக்கெட் தொடைக்கு இறங்கும். கழுத்தின் பின்பக்க எலும்பிலிருந்து இடை வரை அளந்து பாருங்கள். சைஸ் 14-க்கு அவர்கள் வைப்பது பதினாறரை இன்ச், எனக்கு 15. அந்த ஒன்றரையில் அரை இன்ச்சை அக்குளுக்கு மேலே, மீதியை அக்குளுக்கும் இடைக்கும் நடுவில் மடித்துவிடுவேன். அக்குள் பக்கம் குறைத்த அரை இன்ச்சைக் கையின் மேல்வளைவிலும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பொருந்தாது. பேட்டர்ன் எடுக்கும்போதே இதை யோசிப்பதில் லாபம் உண்டு: இடையில் தையல் இல்லாமல் நேரே இறங்குகிற மாடலுக்கு இந்த வேலை கொஞ்சம்தான்; இடைத் தையல், சாய்ந்த பாக்கெட், நெடுக ஓடுகிற வளைவுத் தையல் மூன்றும் இருந்தால் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். ஜெர்மனியின் புர்டா பத்திரிகையில் 160 சென்டிமீட்டர் உயரத்துக்கென்றே சில மாடல் வரும், குள்ளமானவர்கள் அதைத் தேடலாம். ஆனால் அந்தப் பத்திரிகை பேட்டர்னில் தையலுக்கு இடம் விட்டிருக்காது, நாமே சேர்த்து வெட்ட வேண்டும். அமெரிக்க உறைகளில் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றித் தைப்பவர்கள் வெட்டும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாங்கி இறக்கி அச்சடிக்கிற பேட்டர்னில் ஒரு கண் வைக்க வேண்டும். அமெரிக்கத் தாள் 21.6 சென்டிமீட்டர் அகலம், நம்முடைய ஏ4 21 சென்டிமீட்டர். கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாமே 100-க்கு 97 ஆகிவிடும். அப்படி ஒரு கடையில் அடித்துக் கொடுத்த ஜாக்கெட்டை அப்படியே தைத்திருந்தால் 40 இன்ச்சில் ஒன்றேகால் இன்ச் காணாமல் போயிருக்கும். முதல் தாளில் அளவு குறித்து அச்சிட்டிருக்கிற சோதனைச் சதுரத்தை அங்கேயே, கவுன்ட்டரிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். வீட்டு பிளான் அச்சடிக்கிற கடையில் ஏ0 பெரிய தாளில் எடுத்தால் ஒட்டுகிற வேலையும் மிச்சம்.

துணிக்கு நான் போவது ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியன்டல் பிளாசா. நிறவெறி ஆட்சி பேஜ்வியூ பதினான்காவது தெருவிலிருந்து விரட்டிய இந்திய வியாபாரிகளுக்காக 1970களில் கட்டிய இடம் அது. பட்டன், ஜிப், லைனிங், கார்டுராய், கம்பளிக் கலப்பு எல்லாம் ஒரே சுற்றில் முடியும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடைகள் சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் போகாதீர்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது ஷ்வேஷ்வே. கிழக்குக் கேப் மாகாணத்தில், ஸ்வெலிட்ஷாவில் டா காமா டெக்ஸ்டைல்ஸ் 1982 முதல் அச்சடிக்கிற பருத்தித் துணி; செப்பு உருளையில் பொடிப் பொடியாக வடிவங்கள். பழைய நிறங்கள் மூன்று: நீலம், சிவப்பு, சாக்லேட் பழுப்பு. இலையுதிர் காலத்துக்கு அந்தப் பழுப்பை விட நல்ல துணி நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக வரும், ஒரு தண்ணீர் கண்டதும் மெத்தென்று ஆகும். வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்குகிற துணி.

பேட்டர்ன் எடுக்கிறவர் கவனிக்க வேண்டியது அதன் பன்னா. மரபான ஷ்வேஷ்வே 90 சென்டிமீட்டர் அகலம்தான். பேட்டர்ன் உறையில் போட்டிருக்கிற துணிக் கணக்கு 115-க்கும் 150-க்கும். 115-ல் 3 மீட்டர் என்றால் இதில் கிட்டத்தட்ட 3.8 மீட்டர் என்று வகுத்துச் சொல்லலாம், ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. துணியை நீளவாக்கில் மடித்தால் கையில் இருப்பது 45 சென்டிமீட்டர், கரையோரம் போக 43, 44. அதை விட அகலமான பீஸ் எதுவும் அந்த மடிப்பில் அடங்காது, எத்தனை மீட்டர் வாங்கினாலும். வட்டப் பாவாடை, உடம்போடு சேர்த்து வெட்டுகிற கை, அகலமான பின்பக்கம் எல்லாம் கழிந்துவிடும். ஆறு பட்டைப் பாவாடை, தோளிலிருந்து நெடுக ஓடுகிற தையலோடு வருகிற டிரெஸ், நுகம் (தோள் பக்கம் தனியாக வெட்டிச் சேர்க்கிற துண்டு) வைத்த சட்டை இவை கச்சிதம். பீஸ் கூடினால் வேலை கூடும் என்று மேலே சொன்னேன். ஷ்வேஷ்வேயில் மட்டும் பீஸ் கூடுவது நல்லது. ஆன்ட்டி இதை ஒப்புக்கொள்ளவில்லை, நேராகத் தைத்து நாடா போட்ட பாவாடையே போதும் என்கிறார்.

கார்டுராயில் வேறு கணக்கு. மேலே தடவினால் ஒரு நிறம், கீழே தடவினால் ஒரு நிறம். எல்லா பீஸையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், அதற்கென்று உறையில் தனி அளவு போட்டிருப்பார்கள். ஜாக்கெட்டுக்குத் தடித்த வரி வேண்டாம், தையல் சேருமிடம் மேடு தட்டும். ஒரு இன்ச்சுக்கு 16 வரி அல்லது அதற்கு மேல் இருக்கிற மெல்லிய கார்டுராயே வாங்குங்கள். இழுபடும் பின்னல் துணிக்கென்று போட்ட பேட்டர்னை இழுபடாத துணியில் தைக்கவே கூடாது. உறை ஓரத்தில் துணியை இழுத்துப் பார்க்க ஒரு அளவுகோல் அச்சிட்டிருக்கும், கடையிலேயே வைத்து இழுத்துப் பாருங்கள்.

இத்தனையும் கழித்தபின் என் பெட்டியில் இலையுதிர் காலத்துக்கென்று மிஞ்சியவை கொஞ்சம்தான்: ஒல்லிக் கைச் சட்டை, அதையே நீட்டித் தைத்த சட்டை டிரெஸ், ஆறு பட்டைப் பாவாடை, நீள வெஸ்ட், காலரில்லாத குட்டை ஜாக்கெட். வருஷா வருஷம் புது பேட்டர்ன் வாங்குவதை விட, இவற்றையே துணியும் நிறமும் மாற்றித் தைப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. உடம்புக்குத் திருத்தி முடித்த பேட்டர்ன் கையில் இருக்கும்போது ஒரு மாலையில் வெட்டிவிடலாம். புதிது என்றால் முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காடாவும் இங்கே சும்மா கிடைப்பதில்லை.

ஜூன், ஜூலைக்கான கனத்த கோட்டு மட்டும் தைப்பதில்லை, கடையில் வாங்கிக்கொள்கிறேன். தோளுக்கு வைக்கிற கேன்வாஸும் கம்பளியும் லைனிங்கும் சேர்த்தால் கடை விலையைத் தாண்டிவிடும், நாலு வாரம் வேலையும் பிடிக்கும்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. வாங்கிய மெல்லிய பேட்டர்ன் தாளை நேரே வெட்டாதீர்கள். அடுத்த வருஷம் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் மற்ற சைஸ் கோடுகள் வேண்டும். பழுப்புத் தாளிலோ பட்டர் பேப்பரிலோ உங்கள் சைஸை மட்டும் நகலெடுத்து, எங்கே எவ்வளவு மடித்தீர்கள், எந்தத் துணியில் தைத்தீர்கள், அதன் மேல் எந்த ஜாக்கெட் போகிறது என்று அந்தத் தாளிலேயே பேனாவால் எழுதி, உறையோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பென்சில் வேண்டாம், அடுத்த மார்ச்சுக்குள் அழிந்துவிடும்.